கம்பம் பள்ளத்தாக்கில் நாலு நாள் சைக்கிள் பயணம்: திட்டம் யாருக்காக?

எந்தக் கல்லூரியில் எந்த வகுப்பை எடுத்துக் கொண்டாலும் ஒரு டூர் பேச்சு ஓடிக் கொண்டேதான் இருக்கும். சில வருடங்களாக அந்தப் பேச்சில் சைக்கிளும் சேர்ந்திருக்கிறது. "நாலு நாள், பன்னிரண்டு பேர். தேனியில் ஆரம்பித்து கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க சைக்கிளிலேயே சுற்றணும். ராத்திரி கூடாரம் போட்டுத் தூங்கணும்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரத்தில் வாட்ஸப் குழு தயார். அடுத்த அரை மணியில் குழுவுக்குப் பெயரும் படமும் தயார். பனியனுக்கு என்ன கலர் என்பதில் ஒரு நாள் சண்டை நடக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? எங்கே தூங்குவது? பெண்களுக்குக் கழிப்பறை எங்கே? நடுவழியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்? இதையெல்லாம் யாராவது கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

இந்தப் "பார்த்துக்கலாம்" கல்யாண வீட்டில் செல்லுபடியாகும். அங்கே பார்த்துக் கொள்ள மாமா, சித்தப்பா, ஊர்க்காரர்கள் என்று ஐம்பது பேர் இருப்பார்கள். சைக்கிள் பயணத்தில் அந்த வார்த்தையைச் சொல்பவர் பெரும்பாலும் குழுவிலேயே நன்றாக ஓட்டுகிறவர், கையில் காசு உள்ளவர், வீட்டில் கேள்வி கேட்கப்படாதவர். அவரால் நிஜமாகவே பார்த்துக் கொள்ள முடியும். முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் "வீட்ல விசேஷம்டா, வரல" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு ஒதுங்கிக் கொள்கிறார்கள். பன்னிரண்டு பேர் ஏழாகிறார்கள். அந்த ஏழு பேரும் பையன்களாக இருப்பார்கள்.

ஆகவே இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்று. குழுவாகப் போகும் சைக்கிள் பயணத்தின் திட்டம், குழுவில் கடைசியாக வருகிறவருக்காகப் போடப்பட வேண்டும். கடைசி என்றால் வேகத்தில் மட்டுமல்ல, காசிலும், வீட்டு அனுமதியிலும் கடைசியாக நிற்பவர். அவருக்குச் சரிப்பட்டு வரும் திட்டம் எல்லோருக்கும் சரிப்பட்டு வரும். மற்றவர்களின் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

எந்த சைக்கிள்?

முதலில் ஒரு மூடநம்பிக்கையை ஒழித்து விடலாம். இந்தப் பயணத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் கியர் சைக்கிள் தேவையில்லை. தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று இலவச சைக்கிள் திட்டத்தைத் தொடங்கி, பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவிகள் எல்லோருக்கும் விரிவுபடுத்தியது. கல்லூரியில் படிக்கும் பாதிப் பேர் வீட்டுத் திண்ணையில் அந்த சைக்கிள் தூசி படிந்து நிற்கிறது. டயர் இரண்டையும் பார்த்து, பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும். பாதை சரியாக இருந்தால் அந்த சைக்கிள் நாலு நாள் தாராளமாக ஓடும்.

2008-லிருந்து நடக்கும் 'டூர் ஆஃப் நீல்கிரீஸ்' போன்ற பயணங்களைப் பார்த்து நம் ஆட்கள் கணக்குப் போடுகிறார்கள். அது வேறு உலகம். பழகிய ஓட்டுநர்கள், கூடவே வரும் உதவி வண்டிகள், மெக்கானிக், மருத்துவ உதவி என்று அதற்குப் பின்னால் ஒரு படையே இருக்கும். அந்தப் படை இல்லாமல் அந்தப் பாதையை மட்டும் காப்பி அடிப்பது வீண் வேலை.

எந்தப் பாதை?

தேனி மாவட்டம் என்றதும் போடிமெட்டு, மேகமலை, குரங்கணி, குமுளி என்று மலைகளாகவே பட்டியல் போடுவார்கள். புகைப்படத்துக்கு நல்ல இடங்கள்தான். ஆனால் கேரியரில் பத்துக் கிலோ சுமை ஏற்றிய, கியர் இல்லாத சைக்கிளில் மலை ஏறுவது என்றால் பாதி தூரம் தள்ளிக் கொண்டுதான் போக வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து இறங்கும்போது. கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு இறங்குகிற சைக்கிளை இரண்டு ரப்பர் பிரேக் கட்டைகள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். எதிரே லாரி வரும். குமுளி மலைப்பாதை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு நினைவு போதும். 2022 டிசம்பரில் சபரிமலை போய்விட்டுத் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்கள் எட்டுப் பேர், கார் பள்ளத்தில் கவிழ்ந்து அந்தப் பாதையில்தான் இறந்தார்கள்.

மலையை அண்ணாந்து பார்த்துக் கொண்டே கீழே ஓட்டுவதற்கு என்றே அமைந்த மாதிரி இருக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் என்று முல்லைப்பெரியாற்றை ஒட்டியே ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் போகும்போது லேசான ஏற்றம், திரும்பும்போது லேசான இறக்கம். கால் வலிப்பதற்குள் அடுத்த டீக்கடை வந்துவிடும். ஒரு மாதிரித் திட்டம் இப்படி இருக்கலாம்:

முதல் நாள்: தேனியிலிருந்து வீரபாண்டி வழியாக சின்னமனூர். சுமார் 22 கி.மீ. வேண்டுமென்றேதான் குறைவு. முதல் நாளில்தான் யாருடைய சீட் உயரம் சரியில்லை, யாருடைய செயின் கழல்கிறது என்பதெல்லாம் தெரிய வரும். சாயங்காலம் தெம்பு இருப்பவர்கள் மார்க்கையன்கோட்டை, குச்சனூர் பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு சுற்று போய் வரலாம்.

இரண்டாம் நாள்: சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் வழியாக கம்பம். சுமார் 20 கி.மீ. உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. பள்ளத்தாக்கில் இருப்பவர்களே பலர் அதைப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள்: சுமையைக் கம்பத்திலேயே வைத்துவிட்டு, கூடலூர் வழியாக லோயர்கேம்ப் போய்த் திரும்புவது. போக வர சுமார் 35 கி.மீ. 2013-ல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபம் அங்கேதான் இருக்கிறது. 1895-ல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர்தான் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு ஆதாரம். மூன்று நாளாக இருபக்கமும் பச்சையாகப் பார்த்து வந்ததற்கு என்ன காரணம் என்பது அங்கே போய் நின்றால் புரியும். லோயர்கேம்ப்பில் மலை ஆரம்பிக்கிறது. சைக்கிள் அங்கேயே திரும்பிவிட வேண்டும்.

நான்காம் நாள்: கம்பத்திலிருந்து நேராக தேனி. சுமார் 40 கி.மீ. இறக்கம் என்பதாலும் மூன்று நாள் பழகிவிட்டதாலும் இது முடியும்.

மொத்தம் 120 கி.மீ. பக்கம் வரும். "நாலு நாளைக்கு இவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்பார். அவர் தனியாகப் போனால் ஒரே நாளில் முடித்து விடுவார். ஆனால் பன்னிரண்டு பேர் போகும்போது வேகம் மணிக்கு 12 கி.மீ. தாண்டாது. அதில் பஞ்சர், டீ, போட்டோ, "ஒரு நிமிஷம் நில்லுங்கப்பா" எல்லாம் சேர்த்தால் 40 கி.மீ. என்பது ஆறு மணி நேரம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வரும் வேளையில் போய்ச் சேரலாம்.

இன்னொன்று. ஊரைச் சுற்றிப் போகும் பைபாஸில் ஏறக் கூடாது. நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பைபாஸ் பஸ்ஸுக்கும் லாரிக்கும் போட்டது. ஊருக்குள் போகும் பழைய சாலையில் வேகமும் குறைவு, பஞ்சர் கடையும் இருக்கும்.

எப்போது?

ஆடியில் போகவே கூடாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், சைக்கிள் எம்மாத்திரம்? தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியாகப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து வீசும். இந்த மாவட்டத்தில் காற்றாலைகள் சும்மா நடப்படவில்லை. கம்பம் நோக்கிப் போகும்போது அந்தக் காற்று நேராக முகத்தில் அறையும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பங்குனி, சித்திரையில் வெயில். கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை இந்தச் சாலை முழுக்க சபரிமலை வண்டிகள், அதுவும் ராத்திரி பகலாகத் தூங்காமல் ஓட்டி வருகிற வண்டிகள். மகரவிளக்கு முடிந்து நடை சாத்திய பிறகு, அதாவது ஜனவரி 20-க்கு மேல் குடியரசு தின விடுமுறையை ஒட்டிப் போவது நல்லது. காலையில் குளிர் இருக்கும், மழை இருக்காது, கூட்டமும் வடிந்திருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வசதி: மதுரையிலிருந்து தேனிக்கு 2022 மே மாதம் மீண்டும் ரயில் ஓட ஆரம்பித்தது. 2023 ஜூனில் அது போடி வரை நீண்டது. சைக்கிளை எப்படிக் கொண்டு வருவது என்பதை மட்டும் ஸ்டேஷனில் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ள வேண்டும்.

எங்கே தூங்குவது?

கூடாரம் என்றாலே காடு, ஆற்றங்கரை, நெருப்பு என்று சினிமா மாதிரி ஒரு படம் மனதில் ஓடும். மூன்றுமே இங்கே தப்பு.

காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தங்குவது சட்டப்படி குற்றம். பள்ளத்தாக்கின் கிழக்கு மலைகள் 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். புலியை விடுங்கள், யானை போதும். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்து தெருவில் ஓடியது. அடுத்த சில நாட்கள் அது சுருளி அருவிப் பக்கமும் சண்முகாநதி அணைப் பக்கமும் சுற்றியது. ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். ஊருக்குள்ளேயே வரும் யானைக்கு, அருவிக் கரையில் நைலான் துணிக்குள் தூங்குகிறவர் எம்மாத்திரம்?

ஆற்று மணலிலும் வேண்டாம். லோயர்கேம்ப் மின் நிலையத்துக்கு அணையிலிருந்து தண்ணீர் திறப்பதைப் பொறுத்து ஆற்றில் தண்ணீர் ஏறும், இறங்கும். சாயங்காலம் கணுக்கால் அளவு இருந்தது காலையில் அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நல்ல இடம் எது? தெரிந்தவர் மூலமாகக் கேட்டு வாங்கிய தோட்டம், களத்துமேடு, அல்லது கல்யாண மண்டபத்து வளாகம். கல்யாண மண்டபத்தில் கூடாரமா என்று சிரிக்கலாம். ஆனால் அங்கே கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கேட்டுக்குப் பூட்டு இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார். முகூர்த்த நாளாக இல்லாவிட்டால் சில மண்டபங்களில் குறைந்த வாடகைக்குப் பேசலாம். கழிப்பறையும் பூட்டும் உள்ள இடம் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் வகுப்பில் நாலு பெண்கள் வீட்டில் அனுமதி கேட்கவே முடியும். "பெண்கள் யாரும் வரல்லப்பா, அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல" என்று பையன்கள் சொல்வது வழக்கம். இன்ட்ரஸ்ட் இருக்கிறது, இடம்தான் இல்லை. தங்கும் மூன்று இடங்களின் விலாசம், பொறுப்பாளர் எண், கூட வரும் ஆசிரியை அல்லது மூத்த பெண் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துப் பாருங்கள். வராதவர்களில் பாதிப் பேர் வருவார்கள்.

தோட்டமாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. தென்னை மரத்தடியில் கூடாரம் போடக் கூடாது. தேங்காய் நேரம் பார்த்து விழாது. திராட்சைக் கொடிப் பந்தலுக்குக் கீழேயும் வேண்டாம். அங்கே மருந்து அடிப்பார்கள், பழத்தைக் கழுவாமல் பறித்துத் தின்னவும் கூடாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கித் தின்றால் மரியாதையாக இருக்கும்.

பணம்

வணிகவியல் மாணவர்கள் நிறைந்த வகுப்பில்கூட டூர் கணக்கு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில்தான் எழுதப்படுகிறது என்பது வேடிக்கை. ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு, விலையை ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக் கொள்ளலாம்:

சாப்பாடு, டீ: 12 பேர் × 4 நாள் × 250 ரூபாய் = 12,000
தங்குமிடம்: 3 இரவு × 1,500 = 4,500
ரிப்பேர் சாமான், மருந்து: 1,500
மொத்தம்: 18,000
அவசரக் கையிருப்பு (20 சதவீதம்): 3,600
ஆக மொத்தம்: 21,600. தலைக்கு 1,800.

அந்தக் கையிருப்புதான் இந்தக் கணக்கின் உயிர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆட்டோவுக்கும், சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பவும் அந்தப் பணம். செலவாகாவிட்டால் கடைசி நாள் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். பார்ட்டி வைக்கக் கூடாது! தலைக்கு 300 ரூபாய் திரும்ப வரும் என்பது சிலருக்கு ஒன்றுமில்லை, சிலருக்கு ஒரு வாரப் பஸ் காசு. அதே போல 1,800-ஐ மொத்தமாகக் கேட்காமல் மூன்று மாதம் முன்பிருந்தே மாதம் 600 என்று வாங்கினால், ஒதுங்கிக் கொள்கிறவர்கள் குறைவார்கள். பனியன் அச்சடிக்கும் காசு மிச்சமானால் இன்னும் நல்லது.

யார் முன்னால், யார் பின்னால்?

சாரணர் இயக்கத்தில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பெரிய கூட்டத்தைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். பன்னிரண்டு பேரை நாலு நாலாக மூன்று அணியாகப் பிரிக்கலாம். முதல் அணியில் மெதுவாக ஓட்டுகிறவர்கள் இருக்க வேண்டும். நன்றாக ஓட்டுகிற ஆள் கடைசியில், பம்ப், ஒட்டு, பசை, வால்டியூப், ஸ்பானரோடு வர வேண்டும். அவரை யாரும் பின்னால் விட்டுவிட்டுப் போக முடியாது, அவரும் யாரையும் விட்டுவிட்டு வர மாட்டார். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. வேகமானவர்கள் முன்னால் பறந்து போய் டீக்கடையில் அரை மணி நேரம் ஓய்வெடுப்பார்கள். மூச்சு வாங்க வந்து சேர்கிறவரைப் பார்த்ததும் "சரி, கிளம்பலாமா?" என்பார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே இல்லை.

எப்போது நிறுத்துவது?

இது கசப்பான பகுதி. தேனி மாவட்டத்தில் இளைஞர் குழுப் பயணம் என்று பேசும்போது குரங்கணியைப் பேசாமல் விட முடியாது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கி வந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெண்களும் நிறையப் பேர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கென்றே விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வழிகாட்டியோடு முன்பதிவு செய்து போகும் ஏற்பாடும் வந்தது.

போனவர்களைக் குறை சொல்வதற்காக இதை இங்கே எழுதவில்லை. அவர்கள் நம்மைப் போன்றவர்கள், விடுமுறைக்கு ஒரு மலையைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். யோசிக்க வேண்டியது வேறு: காய்ந்த புல் சரிவில் நெருப்பு வந்தால் விலகிப் போக வழி இல்லை. எந்தப் பயணத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எங்கே போகிறோம்" என்பதல்ல, "நடுவில் ஒருவர் முடியாது என்றால் எந்த வழியாக வெளியே போவார்" என்பது. பள்ளத்தாக்குச் சாலையில் அந்த வழி அடிக்கடி வருகிறது. தேனி-கம்பம் பஸ் ஓடிக் கொண்டே இருக்கும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் மூன்றிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 108-க்குப் போன் செய்தால் இடத்தைச் சொல்ல ஊர்ப் பெயர் இருக்கிறது. மலையில் இது எதுவும் கிடையாது. கீழே ஓட்டச் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

நிறுத்தும் விதிகளைக் கிளம்பும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. கனமழை என்றால் கிளம்புவதில்லை. யாருக்கு வாந்தி, மயக்கம், காய்ச்சல் வந்தாலும் அவர் பஸ்ஸில், கூட ஒருவர், விவாதம் இல்லை. ஏன் முன்பே? அந்த நேரத்தில் கேட்டால் எல்லோரும் "பரவாயில்ல, சமாளிச்சுக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். பன்னிரண்டு பேர் காத்திருக்கும்போது முடியாது என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! விதி முன்பே இருந்தால் அவர் கேட்க வேண்டியதில்லை. காகிதம் அவருக்காகப் பேசும்.

இவ்வளவு திட்டம் போட்டால் ஜாலி போய்விடும் என்பார்கள். எங்கே தூங்குவோம், எவ்வளவு ஆகும், முடியாவிட்டால் என்ன என்பது தெரிந்தவர்தான் வயல் பக்கம் திரும்பிப் பார்த்துக் கொண்டு ஓட்டுவார். தெரியாதவர் நாலு நாளும் முன்னால் போகிற சைக்கிளின் பின் சக்கரத்தை மட்டும்தான் பார்த்துக் கொண்டிருப்பார்.

கிளம்பிய பன்னிரண்டு பேரும் தேனிக்குத் திரும்பி, பன்னிரண்டு பேரும் "அடுத்த வருஷம் எங்கடா?" என்று கேட்டால் அது நல்ல திட்டம். பதினொரு பேர் கேட்டு ஒருவர் பேசாமல் இருந்தால், அவரிடம் போய் ஏன் என்று கேட்க வேண்டும். அடுத்த வருடத் திட்டத்தின் முதல் வரி அவர் சொல்லும் பதில்தான்.